கோப்பை கழுவ விடாத வீடு

பனி கரைந்து, வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல் தெருவெல்லாம் கிடந்த காலத்தில் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நோர்வேயின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு தீவுக்காரி. மட்டக்களப்பில் நடக்க முடியாத பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில், சம்பளமில்லாமல் ஒரு வருடம் வேலை செய்யப் போக இருந்தாள். அவளை அனுப்புகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர்கள் முதலில் ஒஸ்லோவில் தாங்கள் போகப்போகிற நாட்டுக் குடும்பம் ஒன்றோடு சில வாரங்கள் தங்க வேண்டும். பிறகு பொறுப்பான பெண் ஒருத்தி வந்து பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் பயணம்.

எங்கள் வீடு என்றால் என் மகளின் வீடு. மகளுக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. மருமகன் பஸ் ஓட்டுகிறார். அவர் மட்டக்களப்பு, நாங்கள் யாழ்ப்பாணம். அதனால் எந்தத் தமிழைப் பழக்குவது என்று முதல் நாளே பிடுங்குப்பாடு.

"மாமா, உங்கட 'இஞ்சை', 'அங்கை'யைப் பழக்கி அனுப்பாதீங்க. 'பிறகு' எண்டதுக்கு 'மறுகா' எண்டு ஒரு சொல்லைச் சொல்லிக் குடுங்க. அது தெரிஞ்சா மட்டக்களப்பில பாதித் தமிழ் முடிஞ்சுது" என்றார் மருமகன்.

"அங்கை இருக்கிறதே பாதித் தமிழ்தானே" என்றாள் மகள்.

அந்தப் பிள்ளை என்ன விளங்கியதோ, எல்லாருக்கும் முதல் சிரித்தாள். வகுப்பில் கொஞ்சம் தமிழ் படித்திருந்தாள். மகளை அக்கா என்றாள், என்னை ஐயா என்றாள்.

மகள் அவளை நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். நல்ல தலையணை அவளுக்கு. மீனில் நடுத்துண்டு அவளுக்கு. அவள் கதிரையை விட்டு எழும்பினால் போதும், "இருங்கோ பிள்ளை, இருங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வரும்.

"அக்கா, நான் கழுவட்டா?" என்று சாப்பிட்ட கோப்பையோடு நிற்பாள். மகள் அதைப் பறித்துக்கொள்வாள்.

"சீச்சீ, விருந்தாளி கோப்பை கழுவினா ஊர் என்ன சொல்லும்?"

"இஞ்ச ஊர் எங்க கிடக்கு? கீழ்த்தட்டில இருக்கிற நோர்வேக்காரக் கிழவியா?" என்பார் மருமகன். மகள் அதையெல்லாம் காதில் போடமாட்டாள்.

பொறுப்பான பெண் வந்த நாளில் வடையும் பற்றீசும் மேசை நிறைய இருந்தன. நரைத்த தலை, அமைதியான ஆள். ஒரு வடையைக் கடித்துக்கொண்டு, இந்த வீட்டில் இவள் என்னென்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாள். மகள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த மொழி எனக்குக் காதால் விளங்கும்.

வேலையா? ஒரு கோப்பைகூடக் கழுவ விடவில்லை, மகாராணி மாதிரி வைத்திருக்கிறோம், என்றாள் மகள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் வடையை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் கேட்டேன்" என்றாள் பிள்ளை.

"வேண்டாம் என்றார்கள். பிறகு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இருந்தேன்."

இப்படி ஒரு வருடம் இருந்து சாப்பிட்டால் அங்கே பாரம்தான், இப்போதைக்கு அனுப்ப முடியாது, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள். பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டாள். மகள் வடைத் தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

நான் இந்த நாட்டில் முதலில் வேலை செய்தது வடக்கே கடலோரத்து மீன் தொழிற்சாலை ஒன்றில். அறை வாடகைக்குத் தந்த கிழவி இரண்டாம் நாள் காலை, பனி வழிக்கிற மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாடகை கொடுக்கிறவனிடம் வேலையும் வாங்குகிறாளே என்று எனக்குச் சரியான கோபம். வழித்து முடித்து உள்ளே போனால் மேசையில் எனக்கும் சுடச்சுட ஒரு கோப்பி இருந்தது. பிறகு அங்கே இருந்த காலமெல்லாம் அந்த மேசையில்தான் சாப்பிட்டேன். அவளுடைய அவித்த மீனுக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, அது வேறு கதை. இதை மகளிடம் சொன்னேன்.

"அப்பா, அது பனி. இது விருந்தாளி" என்றாள்.

என்றாலும் முயன்றாள். பிள்ளையிடம் வெங்காயம் கொடுப்பாள், அவள் உரித்ததை எடுத்து இன்னொருக்கால் உரிப்பாள். பிள்ளை கழுவிய கோப்பையை அவள் அங்கால் போனதும் திரும்பக் கழுவுவாள். அதைப் பிள்ளை ஒருநாள் கண்டுவிட்டாள்.

அடுத்த நாள் மகள் வேலைக்குப் போனபின் பிள்ளை குசினிக்குள் புகுந்து எல்லாவற்றையும் துப்புரவாக்கினாள். மகள் வந்து பாத்திரம் கழுவுகிற மெசினைத் திறந்தாள். மருமகன் ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்சட்டி உள்ளே இருந்தது.

"ஐயோ என்ரை சட்டி! உனக்கென்ன விசரே? மண்சட்டியை ஆராவது மெசினுக்குள்ளை போடுவினமே? சவர்க்காரம் முழுக்கக் குடிச்சிருக்கும்!"

"நீங்கள் சொல்லேல்லை, அக்கா."

"சொல்ல வேணுமே? பாத்துப் பழகிறேல்லையே?"

"பாக்க விடேல்லை. குசினிக்குள்ளை வரவே விடேல்லை."

மகள் சட்டியை மணந்து பார்த்தாள்.

"வா இஞ்சை. கஞ்சித்தண்ணி விட்டுக் கொதிக்க வை. மணம் போகுமட்டும் நீதான் பக்கத்திலை நிக்கிறாய்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏச்சும் பேச்சும்தான். தேங்காய்ப்பூத் துருவினால் பேச்சு, துருவாவிட்டால் பேச்சு. திரும்பக் கழுவுவது மட்டும் நின்றுவிட்டது.

பொறுப்பான பெண் இரண்டாம் முறை வந்தபோது மகள் வேலையால் வந்து களைத்துப்போய் இருந்தாள். பலகாரம் ஒன்றும் இல்லை. பிள்ளை குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அதே கேள்வி வந்தது. மகள் தொடங்கினாள். கத்தரிக்காய் வெட்டத் தெரியாது, பைப்பைத் திறந்துவிட்டுக் கனவு காண்கிறாள், நல்ல சட்டி ஒன்றைக் கெடுக்கப் பார்த்தாள், சோற்றைக் களியாக்கி வைக்கிறாள். நிற்பாட்டவில்லை. பிள்ளையின் பயணம் போச்சு என்று நினைத்தேன். இருமிக் காட்டினேன்.

"என்னப்பா இருமல்? தண்ணி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு மகள் மற்றக் குற்றங்களுக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்ட அந்தப் பெண், அப்படியென்றால் இவள் போகக்கூடாதா என்று கேட்டாள்.

மகள் திடுக்கிட்டுப் போனாள். "ஏன் போகக்கூடாது? ஆர் சொன்னது?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகுதான் மற்ற மொழி வந்தது. வீட்டில் நிற்கிற பிள்ளையை ஏசாமல் வேறு யாரை ஏசுவது என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். அடுத்த மாதம் புறப்படலாம் என்றாள். தேத்தண்ணியோடு வந்த பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சீனி காணாது" என்றாள்.

பிள்ளை மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்து சில நாளில் மகளின் போனுக்கு வீடியோவில் வந்தாள். அவள் தங்கியிருந்த வீட்டு விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில், காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்து இருத்தியிருந்தார்கள். கையில் சோடாப் போத்தல்.

"அக்கா, இஞ்சையும் எழும்ப விடீனமில்லை" என்றாள் மெதுவாக.

"கேட்டுக்கொண்டு நிக்காதை" என்றாள் மகள். "எழும்பிப் போய் குசினிக்குள்ளை நில்."

படம் ஆடியது. கதிரை, சுவர், கூரை எல்லாம் மாறி மாறித் தெரிந்தன. பின்னால் யாரோ ஒரு பெண், "இரிங்க மகள், இரிங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.