பாலத்திலிருந்து குதித்தவர்

யுத்தம் முடிந்திருந்த சமயம். தியாகராய நகரில் ஒரு சினிமாப் பத்திரிகையில் உதவியாசிரியனாக இருந்தேன். ஒருநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, சண்டைப் படங்களால் பெயர்பெற்ற ஒரு டைரக்டரின் படங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார்.

"அவரைப் பார்த்துத்தானே இன்றைக்கு எல்லோரும் குதிரையும் கத்தியுமாக எடுக்கிறார்கள்? எது முதல், எது கடைசி, ஏன் என்று எழுது" என்றார்.

ஆசிரியருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. என் அக்காவின் கணவர் அந்த டைரக்டரிடம்தான் வேலை பார்த்தார். கதாநாயகன் மாடியிலிருந்து தாவினால், தாவியவர் எங்கள் மாமா. குதிரையிலிருந்து உருண்டால், உருண்டவரும் அவரே. மயிலாப்பூர்க் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது என் தொடையைத் தட்டி, "இப்ப பாரு, நான் வரேன்" என்பார். வருவது முதுகு மட்டும்தான்.

கடைசியாக அவர் குதித்தது அடையாற்றுப் பாலத்திலிருந்து. அன்று ஆற்றில் தண்ணீர் வடிந்து கிடந்தது. வலை போட்டுக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் ஒருவர், "மண்ணு மேலேயே கீது, குதிக்காதே நைனா" என்று கீழேயிருந்து கத்தினாராம். டைரக்டர் வானத்தைப் பார்த்து, "வெளிச்சம் போகிறது" என்றாராம். மாமா குதித்தார். இடுப்பு எலும்பு நொறுங்கியது; அதோடு கால்கள் விளங்காமல் போயின. டைரக்டர் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, "ஷாட் பிரமாதமாக வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

நான் அந்தப் படத்தைக் கடைசியில் வைத்தேன். கதையில் பிடிப்பில்லை, பாட்டுகள் அதிகம் என்று காரணங்களும் எழுதினேன். அவற்றில் பொய் ஒன்றுமில்லை. வீட்டில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் சுருங்கியது.

"இன்னாப்பா இது? பாலத்துப் படத்த கடைசியில தள்ளிக்கினு கீற?"

"உங்கள இப்படிப் பண்ண படம் மாமா அது."

"அத்தொட்டுதான் சொல்றேன். அது மட்டமான படம்னா நான் எதுக்கு இப்படிக் கெடக்கிறேன்? அதான் மொதல்ல வரணும்."

அடுப்பங்கரையிலிருந்து அக்கா, "எரிச்சிப் போடு அந்தக் காயிதத்த" என்றாள். அவள் யாரைத் திட்டினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எதையும் மாற்றவில்லை. ஆசிரியர் மாற்றினார். இதழ் வந்தபோது பாலத்துப் படம் முதலில் இருந்தது. கதாநாயகனின் பெரிய புகைப்படம், அதன் கீழே என் பெயரில் நான் எழுதாத ஒரு வரி: 'உயிரைத் துச்சமென மதித்து இவரே பாலத்திலிருந்து பாய்ந்த அற்புதக் காட்சி!'

மாமா படிக்கச் சொன்னார். முதலிடம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த வரியை விட்டுவிட்டுத்தான் படித்தேன். ஆனால் புகைப்படத்தில் விரலை வைத்து, "இங்க இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டார். சொன்னேன்.

மாமா விரலை எடுத்துக்கொண்டார். "அவரு அன்னிக்கிப் பாலத்து மேலயே ஏறல" என்றார், புகார் மாதிரிகூட இல்லாமல்.

மறுநாள் ஆசிரியரிடம் திருத்தம் போடச் சொன்னேன். "குதித்தவன் யார் என்று எந்த வாசகன் கேட்டான்?" என்றார். அப்போதும் நான் அந்த வேலையை விடவில்லை. வேறு வேலை கிடைக்கவில்லை.

படம் மயிலாப்பூருக்குத் திரும்ப வந்தபோதெல்லாம் மாமா கைரிக்‌ஷா வைத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தார். நானும் போகவில்லை, அக்காவும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், "குதிச்சது நான்தான்" என்று சொல்வாராம். அவர்கள் அவருடைய கால்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்களாம்.