பிஸ்கட் டின்னுக்குக் கீழே

இன்று மாமியார் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய வார்னிஷ் மேசைமேல் கொதிக்கும் குழம்புச் சட்டியை வைத்துத் தொலைத்தேன்.

எடுத்தால், பளபளப்பின் நடுவே ஒரு வெள்ளை வட்டம்!

போனில் படம் எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்கு ஓடினேன்.

"பாஸ், புதுசா வார்னிஷ் அடிக்கணுமா?"

"வேணாம் லா அக்கா. வெறும் ஈரம்தான். காஞ்ச துணிய மேல போட்டு, லேசான சூட்டுல அயர்ன் பண்ணுங்க, போயிரும். யாரு மேச?"

"மாமியாரோடது."

"அப்ப சீக்கிரம் போங்க!"

தேய்த்தேன். வட்டம் போயே போய்விட்டது.

வந்த தைரியத்தில் மேசை முழுவதையும் துடைக்கலாமென்று மூலையிலிருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கினேன். "அத மட்டும் நவுத்தாதம்மா" என்று கல்யாணமான நாளிலிருந்து மாமியார் சொல்லிவரும் டின்.

கீழே இன்னொரு வெள்ளை வட்டம். அதுவும் சட்டி அளவுதான்.

அதையும் தேய்த்து எடுத்துவிட்டு, டின்னைத் திரும்ப வைத்தேன்.

மாமியார் வந்தார். டின் ஒரு விரல் அளவு தள்ளியிருந்ததை உடனே கண்டுபிடித்துவிட்டார். தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அயர்ன் என் கையில்தான் இருந்தது.

"இன்னிக்கி என்ன கொழம்பும்மா?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீட்டில் யாரும் நகர்த்தக் கூடாத சாமான் எது? தூக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.