இருபது நிமிடத் தண்ணீர்

எங்கள் ஊரில் ஒருவருக்குச் சூடு பட்டால் முதலில் பல் துலக்கும் பேஸ்டைத் தேடுவார்கள். பேஸ்ட் தீர்ந்திருந்தால் இட்லி மாவு. மாவும் இல்லையென்றால் இங்க். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இப்போது இங்க் பேனாவில் எழுதுவதில்லை. ஆனால் சுட்ட இடத்தில் தடவுவதற்கென்றே ஓர் இங்க் புட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிற வீடு எங்கள் தெருவில் உண்டு. இருக்கிறதையெல்லாம் தடவி, புண் சீழ் பிடித்து, ஒருவழியாக ஆறி, அந்த இடம் தடித்துப் போன பிறகு செல்வலட்சுமியிடம் வருவார்கள். "இந்தத் தழும்பு போறதுக்கு என்னமும் களிம்பு இருக்கா மதினி?" என்று கேட்பார்கள்.

செல்வலட்சுமி எங்கள் ஊர் பரளச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போகிறவள். அங்கே ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும், கட்டுப் போடும்போது பஞ்சு எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "டாக்டரம்மா இப்படிச் சொன்னாக" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். கொஞ்ச நாளில் டாக்டரம்மா காணாமல் போய், "நாங்க" வந்துவிட்டது. "நாங்க இதுக்கு சிலிக்கான் ஜெல்லுதான் எழுதுவோம்." "காது குத்தின எடத்துல உருண்டையா வளந்திருக்குல்ல, இத வெட்டிப்புடாத. வெட்டுனா ரெண்டு மடங்கா வளரும். நாங்க அதுக்கு ஊசி போடுவோம்." ஊரே அவளைப் பாதி டாக்டராக ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. ஒன்றையும் செய்யவில்லை.

அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்கு. சூடு பட்டதும் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். வேறு ஒன்றும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறினபின் பொருக்கைப் பிய்க்கக் கூடாது, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதைக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டுக்காரி நான் பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று பஞ்சாயத்துக்கே தெரியாத ஊர் இது. ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுக்கிற ஊர். "இருவது நிமிசம் தண்ணிய ஓடவிடணுமாம். கை நல்லாயிரும், அப்புறம் சோத்துக்கு உலை எங்கிட்டு வைக்க?" என்றாள் எதிர்வீட்டு அழகுத்தாய். செல்வலட்சுமி விடவில்லை. கீழே ஒரு பாத்திரத்தை வைத்துச் செம்பால் ஊற்றலாம், விழுந்த தண்ணீரையே மறுபடி மொண்டு ஊற்றலாம் என்று விளக்கினாள். அதற்கும் சிரித்தார்கள். இலவசமாக வருகிற புத்திமதிக்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

அவள் புருஷன் அய்யப்பன் வேன் டிரைவர். ஒரு நாள் நரிக்குடிப் பக்கம் ஆட்டு லோடு ஏற்றிப் போகும்போது வண்டி கண்மாய்க் கரையிலிருந்து உருண்டுவிட்டது. ஆடுகளில் பாதி போய்விட்டன. அய்யப்பன் மட்டும் கண்ணாடியை உதைத்துத் தள்ளிவிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்து பீடி கேட்டானாம். சேதி வந்த அந்த நிமிடமே செல்வலட்சுமி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக.

சட்டி எடுப்பதைப் பற்றி அவள் மாமியார் சந்தனம்மாளுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க வீட்டுப் பொம்பளைகள ஆத்தா இதுவரைக்கும் சுட்டதில்ல" என்பாள். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது. விரதம் சுத்தமாக இருந்தால் சட்டியில் இருப்பது நெருப்பில்லை, பூ. சுட்டுவிட்டால், எடுத்தவள் ஏதோ தப்புச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். கவிச்சி தின்றிருப்பாள், அல்லது மனசில் வேறு அழுக்கு இருந்திருக்கும். எந்த அழுக்கு என்று கண்டுபிடிக்க ஊரில் ஆள் பஞ்சம் கிடையாது.

செல்வலட்சுமி காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒழுங்காகத்தான் விரதம் இருந்தாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, அதன்மேல் சட்டி. ஊருணிக் கரையிலிருந்து கோயில் வரைக்கும் கொட்டுக்காரர்கள் முன்னே போக, இவள் பின்னால் போனாள். பாதி வழியில் சட்டியின் அடி விரிசல் விட்டது. சட்டி செய்த மண்ணின் குறை அது, அவள் மனசின் குறை இல்லை. கங்கு வேப்பிலையைக் கருக்கி, இடது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் சட்டியை இறக்கவில்லை. முகத்தையும் சுளிக்கவில்லை. வழி நெடுக வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தோடு நின்று, சட்டி எடுத்து வருகிறவள் கால் குளிர மஞ்சத்தண்ணீர் ஊற்றினார்கள். இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிட முடியாத ஊர், அன்றைக்கு அவள் காலில் குடங்குடமாக ஊற்றியது. கைக்கு ஒரு சொட்டு இல்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்டால் சுட்டது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகாவது தண்ணீரில் காட்டியிருக்கலாம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மாமியார் கூடவே நின்றாள். செல்வலட்சுமி மஞ்சளை அரைத்து அப்பி, மஞ்சள் துணியால் கையைச் சுற்றிக்கொண்டாள். திருவிழாச் சமயத்தில் மஞ்சள் துணியை யார் சந்தேகப்படுவார்கள்? ஊருக்கெல்லாம் எதைத் தடவாதே என்று சொன்னாளோ அதையே தடவினாள். காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்தாள். வலிக்கிறதே என்று விரல்களை மடக்கியே வைத்திருந்தாள். சுட்ட விரலை நீட்டியே வைக்க வேண்டும், மடக்கி வைத்தால் தழும்பு விரலை அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா எத்தனை பேருக்குச் சொல்ல, பக்கத்தில் நின்று எத்தனை முறை கேட்டிருக்கிறாள். இதையெல்லாம் பின்னாளில் அவளே என்னிடம் சொல்லி அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நானும் அழுதேன்.

புண் ஆறியபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிரவில்லை. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு கொஞ்ச நாள் டோக்கன் கொடுத்தாள். பஞ்சுச் சுருளைப் பிரிக்க முடியாமல் திணறியபோது டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டார்.

"எப்படி ஆச்சு?"

"சுடுகஞ்சி கொட்டிருச்சு டாக்டரம்மா."

"தண்ணியில காட்டினியா?"

செல்வலட்சுமி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மா வெகுநேரம் திட்டினார். கடைசியில், இனி களிம்பாலும் நீவி விடுவதாலும் மட்டும் விரல் நிமிராது, மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டால் நிமிரும், தள்ளிப்போட்டால் மூட்டே இறுகிவிடும் என்றார். மதுரையில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் பேசி வைப்பதாகவும் சொன்னார்.

இதற்குள் சந்தனம்மாள் கண்ணில் தழும்பு பட்டுவிட்டது. அந்த அம்மாளின் மூளையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருமகளைச் சட்டி சுட்டுவிட்டது என்றால் குடும்பப் பேர் கெட்டுவிடும். ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில் குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "எம் மருமக கையில ஆத்தா முத்திரை வச்சிட்டாத்தா. வெரல மடக்கிப் புடிச்சிருக்கா பாரு, விடமாட்டேங்கிறா."

அன்று சாயங்காலமே நாலு பேர் கையைப் பார்க்க வந்தார்கள். மறுநாள் ஒரு கிழவர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, தன் முழங்கால் புண்ணை அந்தக் கையால் தொடச் சொன்னார். செல்வலட்சுமிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. சும்மா இருக்கச் சொல்லி மாமியார் கண்ணைக் காட்டினாள். அவள் சும்மா இருந்தாள். உண்மையைச் சொன்னால் விரதம் கெட்டவள், சொல்லாவிட்டால் அம்மன் அருள் பெற்றவள். எதை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அழகுத்தாயின் மூன்று வயது மகள் சோறு வடித்த கஞ்சியை இழுத்துக் கை மேல் கொட்டிக்கொண்டாள். அழகுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பேஸ்ட் தேடவில்லை, இங்க் தேடவில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கோயில் திருநீறு. "மதினி, ஒங்க கையால பூசி விடுங்க" என்றாள். நான் அப்போது தண்ணீர்க் குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

செல்வலட்சுமி திருநீற்றை வாங்கித் தூர வைத்தாள். பிள்ளையின் கையை ஒரு பாத்திரத்தின் மேல் பிடித்து, என் குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். பிள்ளை அலறியது. அழகுத்தாய் பதறினாள்.

"திருநீறு மதினி, மொதல்ல திருநீறு."

"ஏத்தா, எங் கையப் பாரு" என்றாள் செல்வலட்சுமி. "ஆத்தாவும் இல்ல, முத்திரையும் இல்ல. சட்டி கீறிக் கங்கு பட்டுச்சு. ஊருக்குப் பயந்து தண்ணி ஊத்தாம மறைச்சேன். அதுனால வந்த மொடம் இது. ஒம் பிள்ளைக்கும் இப்படி ஆகணுமா?"

இவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். அழகுத்தாய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அருள் வந்தவுக இப்படித்தான், தன்னையவே தாழ்த்திப் பேசுவாக."

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். புண் நன்றாக ஆறியது. சில மாதத்தில் சுட்ட இடம் எது என்றே தெரியாத அளவுக்குத் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. அழகுத்தாய் பிள்ளையின் கையை வீடு வீடாகக் காட்டினாள். "மதினி கை தொட்டுச்சு, தழும்பே விழல." நான் மொண்டு ஊற்றிய தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு குடம் தண்ணீர் அது, அதுவும் என் வீட்டுக் குடம்.

அதற்குப் பிறகு செல்வலட்சுமி உண்மை சொல்வதை நிறுத்திவிட்டாள். பதிலாக ஒரு சட்டம் போட்டாள். சூடு பட்டவர்கள் முதலில் தங்கள் வீட்டில் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேஸ்ட், மாவு, இங்க், மஞ்சள் எதுவும் பட்டிருக்கக் கூடாது. பட்டிருந்தால் ஆத்தா தொட விடமாட்டாள். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் தொடுவாள். தொட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வருஷக்கணக்காகச் சிரித்த அதே தெரு, இப்போது கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறது. அக்கம்பக்கத்து வீடுகள் குடம் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றன. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நாள் கேட்டாராம், உங்கள் ஊருக்கு யார் வந்து வகுப்பு எடுத்தார்கள் என்று.

நடுவில் மதுரைப் பயணம் மூன்று முறை தள்ளிப்போனது. "ஆத்தா மடக்குன வெரல டாக்டரு நிமித்துறதா?" என்று சந்தனம்மாள் ஒரு பக்கம். கை சரியாகிவிட்டால் யார் தன் பேச்சைக் கேட்பார்கள் என்ற செல்வலட்சுமியின் பயம் மறுபக்கம். ஆனால் கையோ நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருந்தது. குடம் தூக்கினால் நழுவியது. மகளுக்குச் சடை பின்ன முடியவில்லை. கோயிலில் கும்பிட்டால் ஒரு கை நிமிர்ந்து நிற்கும். மற்றக் கை எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல் மடங்கி நிற்கும். அப்படிக் கும்பிடப் பிடிக்காமல் அவள் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். முத்திரை வாங்கியவள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று ஊர் கேட்டது. ஆத்தாதான் இப்போது அவள் வீட்டுக்கு வருகிறாளே என்று மாமியார் பதில் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அய்யப்பன்தான் சத்தம் போட்டான். "என் உசுருக்குத்தான நீ சட்டி எடுத்த? ஒன் கைய முடமாக்கிட்டு நான் இருந்து என்னத்துக்கு?" மறுநாள் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினாள்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் இளவயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். இறுகின இடத்தை விடுவித்துவிட்டுத் தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து உள்ளங்கையில் வைப்பார்களாம். அப்புறம் கட்டை வைத்துக் கட்ட வேண்டும், தினமும் பயிற்சி செய்ய வேண்டும், ராத்திரி கையுறை போட வேண்டும். எல்லாம் செய்தால் விரல் நிமிர்ந்துவிடும்.

செல்வலட்சுமி எதையோ கேட்கத் தயங்கினாள். டாக்டருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. அவரே முந்திக்கொண்டு, ஆறுதலான குரலில் சொன்னார்.

"பொய் சொல்ல விரும்பலம்மா. விரல் நிமிர்ந்திரும். ஆனா தழும்பு முழுசாப் போகாது. கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வருத்தப்படாதீங்க."

செல்வலட்சுமி மூச்சை விட்டாள். அத்தனை நாளில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"நல்லாத் தெரியிற மாதிரி இருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாள். "தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். அது இல்லன்னா எங்க ஊர்ல ஒருத்தியும் பிள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டா."