அக்காவின் மூளையில் ஊறிய நீர்

அக்காவின் ஸ்கேன் படம் திரையில் வந்ததும் அத்தான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூளையின் இடப்பக்கத்தை மேகம்போல ஒரு வெண்மை மூடியிருந்தது. தெம்பனிஸில் ஒரு பள்ளியில் இருபது வருடமாகத் தமிழ் கற்பிக்கிறவள் அக்கா. சில வாரங்களாக அவளுக்குச் சொற்கள் நழுவிக்கொண்டிருந்தன. காப்பி வேண்டுமென்றால் "சாவி கொடு" என்பாள். மூளையில் கட்டி, அறுவை சிகிச்சை என்று மருத்துவர் ஆரம்பித்ததுமே தலையசைத்து மறுத்தாள். "பாதி மூளை... போச்சு. விட்டுடுங்க." அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

நுண்ணோக்கியின் கீழே கட்டிகளின் இரத்தக் குழாய்களைப் பார்ப்பதுதான் என் வேலை. கட்டி வளர வளர, தனக்கு இரத்தம் வேண்டி அவசர அவசரமாகப் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. மயிரிழையைவிட மெல்லிய அந்தக் குழாய்கள் கோணல்மாணலாக ஓடும். சுவர்கள் சரியாக ஒட்டியிருக்காது. இரத்தத்தின் நீர் கசிந்து, பக்கத்திலிருக்கும் நல்ல திசுவும் ஊறி வீங்கிவிடும். இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

திரும்பும் வழியில் ஜாலான் புசாரில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். என் கட்டைவிரல் நகத்தை அவளிடம் காட்டினேன்.

"கட்டி இவ்வளவுதான் அக்கா. மத்ததெல்லாம் கசிஞ்ச தண்ணி. அந்த இடம் சாகல, ஊறிக் கிடக்கு."

என் நகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணி... வத்துமா?"

"வத்தும். வீக்கம் குறைய டாக்டர் குடுத்த மாத்திரையப் போடு. ரெண்டு மூணு நாள்ல உனக்கே தெரியும்."

என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு உறுதியாக நான் சொன்னதில்லை. மாத்திரைக்கு மட்டும் சம்மதித்தாள்.

மூன்றாம் நாள் காலை ரயிலில் இருந்தபோது அவளே அழைத்தாள். "நேத்து என்னடா மெசேஜ் அனுப்பியிருக்க? 'கவலைபடாதே'ன்னு. நடுவுல 'ப்' எங்கடா?" திணறலே இல்லை. கூட்டத்துக்கு நடுவே நின்று அழுதேன். "அழாத லா. ஆப்பரேஷனுக்கு வரேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு," என்றாள்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. அடுத்த பள்ளித் தவணை தொடங்கியதுமே பாடம் நடத்தத் திரும்பிவிட்டாள். களைத்திருந்தால் இன்றும் ஏதாவதொரு சொல் தடுக்கும். பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போகிறாள்.