மகஜரில் தொழில் எழுதிய நிரல்

ரொறன்ரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அது முடியும் இடத்தில் பேஸ்போல் ஸ்ரேடியம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆட்டம் பார்த்துத் திரும்புகிறவர்கள் எங்கள் சுவரில் மூத்திரம் பெய்தார்கள். கோடையிலும் கீழ்மாடி ஜன்னல்கள் பூட்டியே கிடந்தன.

கட்டடத்துத் தமிழர்கள் கூடி, ஸ்ரேடிய நிர்வாகத்துக்கு மகஜர் அனுப்பத் தீர்மானித்தோம். நான் ஊரில் பத்திரிகையில் இருந்தவன்; எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபருக்கு எழுதும் முறைப்படியே பெயர், முகவரி, தொழில், கையொப்பம் என்று நிரல் போட்டேன். தொழிலும் இருந்தால்தான் மகஜருக்குக் கனம் என்பது எங்கள் பழக்கம். இங்கே உணவகங்களில் பாத்திரம் கழுவியவர்கள் ஊர்த் தொழிலை எழுதினார்கள்: ஆசிரியர், இலிகிதர், தபாலதிபர்.

மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர் அந்த ஸ்ரேடியத்தில்தான் குப்பை கூட்டினார். அந்த வேலையைக் காட்டித்தான் கொழும்பில் நின்ற மனைவியையும் மகளையும் கனடாவுக்கு எடுப்பிக்க விண்ணப்பித்திருந்தார். பேனையை வாங்கித் தயங்கினார். பக்கத்து வீட்டு அன்ரி விடவில்லை.

"அவங்கட குப்பையை அள்ளுறனீர். அவங்கட மூத்திரமும் உமக்கு மணக்கேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, தொழிலும் எழுதோணுமோ?"

"ஓம். எல்லாரும் எழுதினவை."

அவருக்கு ஊரில் சொல்லிக்கொள்ளும் உத்தியோகம் இருக்கவில்லை. உள்ளதை எழுதினார்: துப்புரவுத் தொழிலாளி, ஸ்ரேடியம். நான் வாசித்தேன். உள்ளே வேலை செய்கிறவரே முறையிடுவது நல்ல ஆதாரம் என்று பட்டது. அப்படியே அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஒழுங்கையில் ஒரு கழிப்பறை வைப்பார்கள். கையொப்பமிட்ட ஒவ்வொருவருக்கும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு ரிக்கெற். அதே கிழமை அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். படியில் கண்டபோது சொன்னார்:

"சுப்பவைசர் மகஜரின்ர கொப்பியை எடுத்துக் காட்டினவன். என்ர பேரைச் சுத்தி வட்டம் போட்டிருந்தது. இனி விண்ணப்பத்துக்கு எந்த வேலையைக் காட்டுறது, அண்ணை?"

எனக்குத் தெரியாது என்றேன். என்னோடு வந்த அன்ரி அவர் பக்கம் திரும்பினார். "தொழிலை எழுதச் சொன்னால், இடத்தையும் எழுதுறதே?" என்றார்.

சனிக்கிழமை நாங்கள் புதுத் தொப்பிகளோடு இறங்கினோம். அவர் கட்டட வாசலில் நின்றார். அவருக்கு வந்த ரிக்கெற்றை அன்ரியின் மருமகன் வாங்கியிருந்தான்.

"உமக்குத்தானே உள்வழி தெரியும்," என்றார் அன்ரி. "எந்தப் பக்கத்தாலை போறது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"ஏழாம் வாசலாலை போங்கோ. சனம் குறைவு."

அந்த வழியாகப் போனோம். சனம் குறைவாகத்தான் இருந்தது.