பாறையில் விரித்த நடைபாவாடை

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு வைகாசி மாதம். மறுநாள் எனக்குக் கல்யாணம். முதல் நாள் காலையில் மாப்பிள்ளை எங்கே இருக்க வேண்டும்? வீட்டில். நான் இருந்ததோ மதுரைக்கு மேற்கே நாகமலையின் உச்சியில், மூன்று நண்பர்களோடு.

பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். "மத்தியானச் சோத்துக்கு வந்துருவேம்மா, எனக்கு என்ன ஆகும்?" என்று கிளம்பிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். எனக்கு ஒன்றும் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

நண்பர்களில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள், விவசாயக் குடும்பம். மூன்றாமவன் டவுனில் அத்தர் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பன். அடிவாரத்தில் ஒரு கருப்பசாமி கோயில். அதைத் தாண்டி யாரும் செருப்புப் போட மாட்டார்கள். நாங்கள் கழற்றினோம். "நீ போட்டுக்கடா" என்றதற்கு, "நீங்க வெறுங்காலோட நடக்க, நான் மட்டும் துரை மாதிரி வரவா?" என்று அவனும் கழற்றி வைத்துவிட்டான்.

ஏறும்போது சுகம். பாட்டு, கேலி, கட்டுச்சோறு. இறங்கும்போதுதான் சங்கதி தெரிந்தது. வழி ஒரு வறண்ட ஓடை. இரண்டு பக்கமும் சுவராகப் பாறை, தரையும் பாறை, ஒரு மரம் கிடையாது. உச்சி வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. நாலடி வைத்துவிட்டு, "ஐயோ அம்மா!" என்று பாறை நிழலுக்கே ஓடி வந்தேன்.

வெயில் தாழக் காத்திருக்கலாம் என்றால், பொழுது சாயும்போது மாப்பிள்ளை அழைப்பு. கொப்புளத்தோடு போகலாம் என்றால் அது அதைவிட வம்பு. பெண் வீட்டில் என்னைப் பார்த்திருந்தது பெண்ணின் அப்பா ஒருவர்தான். பெண்ணின் தாய்மாமனோ ஆரம்பத்திலிருந்தே, "மாப்பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கு, மறைக்கிறாக" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் நொண்டிக்கொண்டு போய் நின்றால் கல்யாணமே நின்றுவிடும்.

"யாராச்சும் கீழ போயி என் செருப்ப எடுத்துட்டு வாங்கடா" என்றேன். அத்தர் கடைக்காரன்தான் முதலில் மறுத்தான். "கோயில்ல கழட்டுனது கழட்டுனதுதான் மாப்ள. தாலி கட்டப் போற நேரத்துல சாமி குத்தம் வேணாம்." துண்டைக் காலில் சுற்றிப் பார்த்தேன், சரிவில் வழுக்கியது.

உடனே அவன் தன் தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துப் பாறையில் போட்டான். "மகாராஜா வாராரு, பராக்! பராக்!" எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் ஒரு துண்டில் நிற்க, ஒருவன் முன்னால் அடுத்ததை விரிப்பான். நான் தாண்டியதும் இன்னொருவன் பின்னால் கிடப்பதை உருவிக்கொண்டு முன்னால் ஓடுவான். மற்றொருவன் சரிவில் என் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் வெறுங்கால். "நீங்களும் கொஞ்சம் மிதிச்சுக்கங்கடா" என்று கெஞ்சினேன். "பேசாம நடடா. எங்களுக்கா கல்யாணம்?" என்றார்கள்.

பாதி வழிக்கு மேல் பராக் சத்தம் நின்றுவிட்டது. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே மண் தரை வந்ததும் மூன்று பேரும் பொத்தென்று உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார்கள். தோல் உரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் பந்தல் வாசலில் நான் நடந்து வர நடைபாவாடை விரித்தார்கள், சலவை மணக்கும் வெள்ளைத் துணி. நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். தாய்மாமன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் தத்தித் தத்தி வந்த மூவரையும் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லப்பா. தோழங்க மூணு பேருந்தான் நொண்டி. எங்கேருந்து பிடிச்சாந்தாகளோ!" என்றார். பந்தலே சிரித்தது. அந்த மூன்று பேரும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். என்னால்தான் முடியவில்லை.

இன்றைக்கும் யாராவது என்னை, "நீங்கள் கொடுத்து வைத்தவர்" என்று சொன்னால், நான் வீட்டையோ பிள்ளைகளையோ நினைப்பதில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன், அதில் ஒரு தழும்புகூட இல்லை.