தனம் பேருக்கு ஓர் அர்ச்சனை

கோடை விடுமுறையில் அப்பா நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவல் அது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வறுத்த முந்திரிக்கொட்டையை அவள் உடைத்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி.

கதையில் தனம் என்று ஒரு பெண், என் வயசுதான். தாய் தகப்பன் இல்லாமல் உறவுக்காரர் வீட்டில் வளர்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. வீடு நிறைய ஆட்கள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை. எனக்குச் சப்பென்றிருந்தது.

“அடி ஒத ஒண்ணுமில்லியேம்மா. இதுல என்னா கஷ்டம்?”

அம்மாவின் கை நின்றது. “அடிச்சாக்கூடத் தேவலாம்டி. அடிக்கிறவங்களுக்கு நாம இருக்கறது தெரியுது.”

அம்மாவும் ஜெயங்கொண்டம் பக்கத்தில் தன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள்தான். அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பாதிக் கதையில் தனத்துக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டுக்கொட்டகையில் சுருண்டு கிடந்தாள். சாப்பாட்டுக்கு ஒரு ஆள் குறைவதைக்கூட அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அத்தோடு அத்தியாயம் முடிந்தது. நான் பக்கத்தைப் புரட்டப் போனேன்.

“புரட்டாதடி!” என்றாள் அம்மா. “நாளைக்கு வெள்ளிக்கிழம. அம்பாளுக்கு அவ பேர்ல ஒரு அர்ச்சன பண்ணிட்டு வந்து மேல படிக்கலாம்.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “பொழச்சாளா செத்தாளான்னு எப்பவோ அச்சடிச்சு முடிச்சாச்சுடி.”

“நமக்கு இன்னும் வரலல்ல?”

“சரி, கதையில அந்த வூட்டுக்காரிக்கு மொட்ட போடறதா எப்ப வேண்டிக்கப் போற?”

“அத நீங்க வேண்டிக்குங்க.”

மறுநாள் தேங்காய், பழத்தோடு சிவன் கோயிலுக்குப் போனோம். அம்பாள் சன்னதியில் அப்பா, நான், தம்பி என்று ஒவ்வொரு பேராக நட்சத்திரத்தோடு அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். “உங்களுக்கும்மா?” என்று குருக்கள் கேட்டார். “எனக்கு எப்பவும்போல சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்றவள், “இன்னும் ஒரு பேரு இருக்கு. தனம்” என்றாள்.

“நட்சத்திரம்?”

எத்தனை பக்கம் படித்திருக்கிறேன், எங்கேயும் அது வரவில்லையே!

அம்மா யோசிக்கவே இல்லை. “தெரியாதுங்க சாமி. பொறந்தப்ப குறிச்சு வைக்க ஆளில்ல.”

“அப்ப அதையும் சாமி பேருக்கே பண்ணிடறேன்.”

“வேணாங்க. நட்சத்திரம் இல்லாட்டிப் போவுது. அவ பேரச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

குருக்கள் சொன்னார். கற்சுவரில் மோதித் திரும்பி வந்தது அந்தப் பேர். என் பேரை முணுமுணுத்துவிட்டு அவள் பேரை மட்டும் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

வரும் வழியில் குத்திக் காட்டினேன். “குறிச்சு வைக்க ஆளில்லன்னு கதையில எழுதவே இல்லியேம்மா?”

“எழுதியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். விட்ட இடத்திலிருந்து நாலாவது பக்கத்தில் தனத்துக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. “பாத்தீங்களா?” என்று அப்பாவைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டாள் அம்மா. அம்பாள்தான் காப்பாற்றினாள் என்று அன்றைக்கு நானும் நம்பினேன். இன்றைக்கும் என்னால் இல்லையென்று சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். “எங்கம்மாவுக்கு சாமி மேல அவ்வளவு ஆசடி. தன் பேருக்குன்னு ஒரு அர்ச்சனகூடப் பண்ணிக்காது. எப்பவும் சாமி பேருக்குத்தான்.”